பயிருக்கு நன்மை செய்யும் பூஞ்சைகளான ட்ரைக்கோடெர்மாவும் வேமும் (VAM) பலன் தராமல் போவது எதனால்?

செடி வாடி, வேர் அழுகிய பிறகு ட்ரைக்கோடெர்மாவைத் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அழுகிய வேரை அது மீட்டுத் தராது. நோய்ப் பூஞ்சை வருவதற்குள் வேரைச் சுற்றியுள்ள இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை. அடுத்தது நேரடித் தாக்குதல். ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகளின் இழைகளைச் சுற்றிப் பின்னி, கைட்டினேஸ், குளுக்கனேஸ் நொதிகளால் செல்சுவரைக் கரைத்து உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும். வேரின் மேலடுக்கில் அது குடியேறியதும் செடியும் உஷாராகிறது. இலை வரைக்கும் எதிர்ப்புத் திறன் கூடுகிறது. இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். அதனால்தான் விதை நேர்த்தியிலும் நாற்றங்காலிலும் நடவுக்கு முந்தைய அடியுரத்திலும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

விதைக்குக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைப் போட்டுவிட்டு, அதன்மேல் ட்ரைக்கோடெர்மாவையும் கலந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்ற நினைப்பும் உண்டு. கார்பென்டாசிம் ட்ரைக்கோடெர்மாவையும் சேர்த்தே அழிக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மெட்டாலாக்சில் என்ற மருந்தின் கதை வேறு. அது குறிவைக்கும் நோய்க்கிருமிகளான பித்தியமும் பைட்டோப்தோராவும் பூஞ்சை போலத் தெரிந்தாலும் உண்மையில் பூஞ்சை இனமே அல்ல. எனவே ட்ரைக்கோடெர்மாவுக்குப் பாதிப்பு குறைவு. ஆனால் கடையில் அது பெரும்பாலும் வேறொரு மருந்தோடு கலந்தே வருகிறது, லேபிளைப் படிக்காமல் நம்ப வேண்டாம்.

காய்ந்த மண்ணில் பொடியை வெறுமனே தூவுவதும் வீண். மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்து, பெருகிய பின் இட்டால்தான் மண்ணில் நிலைக்கும். காலாவதியான பாக்கெட்டிலும் வெயிலில் கிடந்த பாக்கெட்டிலும் உயிருள்ள வித்துகள் எவ்வளவு மிச்சமிருக்குமோ!

வேம் என்கிற வேர் உட்பூசணத்தை இதே கணக்கில் பார்க்கக் கூடாது. அது நோய்ப் பூஞ்சையைத் தின்பதில்லை. வேருக்குள் இடத்தை நிரப்பி, மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுத்து, செடியின் தற்காப்பைத் தயார்நிலையில் வைக்கிறது. உயிருள்ள வேர் இல்லாமல் அதனால் வளரவே முடியாது. விதைக்குக் கீழே, முளைக்கும் வேர் தொடும்படி இட வேண்டும். இலையில் தெளிப்பதில் அர்த்தமே இல்லை. முட்டைகோஸ், காலிஃபிளவர், கடுகு, பீட்ரூட் பயிர்களின் வேரோடு இது பெரும்பாலும் சேராது, அங்கே வாங்கிப் போடுவது காசுக்குக் கேடு.

வேமைப் போட்டு மணிச்சத்து உரத்தையும் அள்ளிப் போடுவது அதைவிடப் பெரிய தவறு. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் பூசணத்துக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்கச் செடிக்கு அவசியமில்லை, கூட்டு முறிகிறது. மண் பரிசோதனை செய்து உரத்தை அளந்து இடுங்கள். அடிக்கடி ஆழ உழுதாலும் மண்ணுக்குள் பரவிய இழைவலை அறுந்துபோகும்.

உணவுக் காளான் வளர்க்கும் கொட்டகைப் பக்கம் மட்டும் ட்ரைக்கோடெர்மா பாக்கெட்டைக் கொண்டுபோகாதீர்கள். காளான் படுக்கையில் பச்சைப் பூசண நோயை உண்டாக்குவதும் இந்த இனம்தான்.