பசை முறை லென்ஸ் நடுவில் நிற்க

கண்ணுக்குள் செயற்கை லென்ஸைத் தாங்கும் பை கிழிந்துபோன கண்ணுக்கு, சென்னையில் 2007-இல் கண் மருத்துவர் அமர் அகர்வால் தொடங்கிய பசை முறை (லென்ஸின் கால்களைக் கண்ணின் வெள்ளைச் சுவரில் செருகி, மேலே பசையால் மூடுவது) கைகொடுக்கும். மூன்று துண்டு லென்ஸ்தான் (நடுவில் வில்லை, இருபுறமும் தனித்தனியே பொருத்திய மெல்லிய கால்கள்) வேண்டும்.

கண் தளராமலிருக்க உட்செலுத்து குழாய் வைத்து, முன்பக்க விட்ரியஸை (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழை) வெட்டியெடுங்கள். ஸ்க்ளீராவில் (கண்ணின் வெள்ளைச் சுவரில்) எதிரெதிரே 2.5 மி.மீ. சதுரத்தில் பாதித் தடிமனுக்கு இரண்டு மடல்கள். அவற்றினடியில், லிம்பஸிலிருந்து (கருவிழி வெள்ளைச் சுவரைச் சந்திக்கும் விளிம்பு) 1 மி.மீ. தள்ளி, 22 கேஜ் ஊசியால் துளைகள். இரண்டும் சரியாக 180 டிகிரியில் இருக்க வேண்டும். குறியிடாமல் கண்மதிப்பில் போட்டால் லென்ஸ் ஒதுங்கும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் சரிவராது.

லென்ஸைக் கண்ணுக்குள் விட்டு, அதன் காலைத் துளை வழியே வெளியே இழுக்கும்போது நுனியையே ஃபோர்செப்ஸால் (மெல்லிய இடுக்கியால்) பிடியுங்கள். நடுவில் பிடித்தால் வெளியே வரும்போது மடங்கும், ஒடியவும் கூடும். மடலோரம் 26 கேஜ் ஊசியால் சுரங்கமிட்டுக் காலைச் செருகுங்கள். லென்ஸை உண்மையில் பிடிப்பது இந்தச் செருகல்தான். ஃபைப்ரின் பசை (இரத்தம் உறைய உதவும் புரதத்தாலானது) மடலை ஒட்டத்தான். கருவிழியின் கிடைமட்ட அகலம் 11 மி.மீ.க்கு மேலிருந்தால் மடல்களை மேல்கீழாகப் போடுங்கள், செருகுவதற்குக் கால் நீளம் மிஞ்சும்.