மட்டக்களப்பு, அம்பாறை வெளியில பின்னேர இடிமழையை முன்கூட்டியே புடிக்கிற விதம்

யூடியூப்ல ஒக்லஹோமா வெளியில கார் எடுத்துட்டு இடிமுகிலத் துரத்துற வீடியோவ பாத்துட்டு அதே மாதிரி நம்மட படுவான்கரையில, வாவிக்கு மேற்கால இரிக்கிற வயல் பக்கம், செய்யப் போனா பெற்றோல்தான் எரியும். அங்க தரையில இருந்து ஆறு கிலோமீட்டர் உசரத்துக்குள்ள காத்து 40 நொட் (மணிக்கு 75 கிலோமீட்டர் மட்டில) அளவுக்கு மாறும், அதாலதான் சூப்பர்செல் எண்ட பெரிய இடிமுகில் சுழண்டு சுழண்டு மணிக்கணக்கா நிக்கும். நமக்கு அநேகமான நாள்ல அதுல பாதி கூட இரிக்காது, ஒரு முகில் எழும்பி முக்கால் மணித்தியாலம், மிஞ்சினா ஒரு மணித்தியாலத்துல கொட்டி முடிஞ்சிரும். அதனால துரத்துற கதையே இல்ல, எங்க எழும்பும் எண்டு மத்தியானத்துக்குள்ள கணிச்சு முதலே அங்க போய் நிக்கிறதுதான் வேல.

காலம் எண்டு பாத்தா மார்ச், ஏப்ரல் முதல் தரம், ஏப்ரல் 5ல இருந்து 15 வரைக்கும் சூரியன் நாட்டுக்கு நேர உச்சியில நிக்கிது, காத்தும் பெருசா இல்ல, பின்னேரம் இடிக்காத நாள்தான் குறைவு. மறுகா ஒக்டோபர், நவம்பர். இடையில கச்சான், அதாவது தென்மேற்கால இருந்து வாற காஞ்ச காத்து, அடிக்கிற மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் சும்மா காயும் எண்டு நெனைக்கிறாங்க, ஆனா எனக்கு அந்தக் காலத்து இடிமழைதான் விருப்பம், ஏனெண்டா அது வாற வழி தெரியும், ஊவா மலையில இல்லாட்டி மகா ஓயாப் பக்கம் எழும்பி கச்சானோட சேந்து கிழக்கால இறங்கும்.

காலையில விண்டி (Windy) எண்ட காலநிலை ஆப்ப திறந்தா எல்லாரும் முதல்ல பாக்கிறது கேப் (CAPE) அளவு, அதாவது முகில் மேல எழும்ப காத்துல எவ்வளவு சக்தி இரிக்கு எண்ட கணக்கு. அது 2000க்கு மேல சிவப்பா இரிக்கிறதப் பாத்து குதிக்க ஒண்ணா, ஏப்ரல்ல நம்மட பக்கம் அது நாளாந்தம் அப்படித்தான் காட்டும். எரிபொருள் இரிக்கு எண்டுதான் அது சொல்லுது, யாரு நெருப்பு வைப்பாங்க எண்டு சொல்லாது. நெருப்பு வைக்கிறது கடல் காத்தும் கச்சானும் முட்டுற இடம். தரைக் காத்த போட்டுட்டு நேரத்த காலை 11.30, பின்னேரம் 2.30 எண்டு தள்ளித் தள்ளிப் பாருங்க, மட்டக்களப்பு டவுன்ல அம்புக்குறி கிழக்கால இருந்து உள்ள வருது, மகா ஓயாவுல மேற்கால இருந்து வருது எண்டா ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு விழும், அது கரடியனாறு, உன்னிச்சை வழியா போகுதா, தெற்கால உகன, அம்பாறைப் பக்கம் போகுதா எண்டு குறிச்சு வைங்க. அந்தக் கோடுதான் உங்கட இடம். 850 மட்டத்துல (ஒண்டரைக் கிலோமீட்டர் உசரம் மட்டில) மேற்குக் காத்து 25 நொட்டுக்கு மேல போகுது எண்டா கடல் காத்து கரையத் தாண்டாது, அண்டைக்கு நான் வெளிக்கிடவே மாட்டன். 700 மட்டத்து (மூணு கிலோமீட்டர் உசரம் மட்டில) ஈரப்பதனையும் பாருங்க, 40 சதவீதத்துக்குக் கீழ எண்டா முகில் எழும்ப எழும்ப காஞ்ச காத்து தின்னுரும். ஐரோப்பிய கணிப்பு மாடலும் ஜிஎஃப்எஸ் எண்ட அமெரிக்க மாடலும் மழை விழுற இடத்த வேற வேறயா காட்டும், அதுல சண்டை புடிக்காதீங்க, மழைப் படத்த விட காத்துப் படம்தான் நம்பிக்கை.

மறுகா வானத்தப் பாருங்க. காலை 8 மணிக்கே நடு உசரத்துல குட்டிக் குட்டிக் கோபுரமா முகில் நிண்டா அண்டைக்கு மேல் காத்து நல்லாக் குழம்பியிரிக்கு, நல்ல அறிகுறி. வெள்ளைப் போர்வை மாதிரி உசர முகில் மூடி வெயில் மங்கலா அடிச்சா தரை சூடாகாது, பிந்தும் இல்லாட்டி ஒண்டும் வராது. மத்தியானம் ஒரு மணிக்கு வலையிறவுப் பாலத்துல நிண்டு மேற்கால பாத்தா குடும்பிமலைப் பக்கம் முகில் அடி மட்டமா, தலை பூக்கோவா மாதிரி விளிம்பு வெட்டி வெட்டித் தெரியும். விளிம்பு அப்படிக் கூர்மையா இரிக்கிற வரைக்கும் அது வளருது. தலை நார் நாராப் பிஞ்சு மங்கத் தொடங்கினா மேல ஐஸ் ஆகிட்டு எண்டு அர்த்தம், கொஞ்ச நேரத்துல இடி கேக்கும். கச்சான் காலத்துல இன்னொரு விசயம், உசரத்துல கிழக்குக் காத்து பலமா அடிக்கிறதால முகிலின்ட தட்டையான தலை மேற்கால, பின்னுக்கு இழுபடும், அடி நம்மட பக்கம் வரும். அதனால தலைக்கு மேல நிழல் விழல்லியே, இன்னும் தூரம்தானே எண்டு நிக்க ஒண்ணா.

சூம் ஏர்த் (Zoom Earth) எண்ட இணையத்தளத்துல செய்மதிப் படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், ரெண்டு மணிக்கு மலைப் பக்கம் வெள்ளைப் பொட்டு தெரிஞ்சா அது ஏற்கனவே பெருத்துட்டு எண்டு எடுங்க. மழைக்கு முன்னால குளிர் காத்து ஒண்டு மண் வாசத்தோட வந்து வேளாண்மைய ஒரு பக்கமா சாய்ச்சிட்டுப் போகும், அது போய்க் கடல் காத்துல முட்டுற இடத்துல புதுசா இன்னொரு முகில் எழும்பும், முதல் முகில் கை நழுவினா கிறுகி கிழக்கால, வாவிப் பக்கமா வாங்க.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில எண்ணுங்க, மூணு செக்கனுக்கு ஒரு கிலோமீட்டர். 30 செக்கனுக்குள்ள கேட்டா வெளியில நிக்க ஒண்ணா, குளக்கட்டு, தனிப் பனை, வயல் வாடி ஒண்டும் காப்பாத்தாது, பைக்கும் ஆட்டோவும் கூட சரி வராது, இரும்புக் கூரை உள்ள கார் இல்லாட்டி வேன்ல ஏறி கண்ணாடிய மூடிட்டு இருங்க. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழியட்டும். உன்னிச்சை, வவுணதீவு ரோட்டுல பொழுது பட்டா யானை வரும், அதனால நான் ஆறு மணிக்கு முதல் பாலத்தக் கடந்திருவன். அந்த நேரம் முகில் கடலுக்குப் போயிரும், கல்லடியில மாடிக்குள்ள இருந்து ஜன்னலால பதினைஞ்சு செக்கன் எக்ஸ்போஷர் வச்சு எடுத்தா மின்னல் படம் அதுலதான் நல்லா விழும்.