வேர்டில்: நாலு பச்சை விழுந்ததும் செய்யக் கூடாதது

போன வாரம் அக்கா மகள் பழைய வேர்டில் புதிர் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வரிக்குள் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் அது: எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், விடையில் இல்லையென்றால் சாம்பல். மூன்றாம் வரியில் 'ஷேர்'. நான்காம் இடத்தில் உள்ள ஆர் தவிர மற்ற நான்கும் பச்சை. "மாமா, இனி ஒரே எழுத்துதான்!" என்று துள்ளினாள். அடுத்தடுத்து ஷேக், ஷேட், ஷேப் போட்டாள். ஆறு வரியும் தீர்ந்தது. ஷேம், ஷேவ், ஷேல் மூன்றும் மிச்சம் நின்றன. 2022-ல் நான் தடுக்கி விழுந்த அதே இடம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாலு பச்சையில் மயங்குவது

2022 மார்ச்சில் ஒரு நாள் விடை 'வாட்ச்'. அறுபது நாளுக்கு மேல் தோற்காமல் ஆடிவந்தேன். அன்று முதல் வரியில் சி, ஏ இரண்டும் மஞ்சள். இரண்டாம் வரியில் துணிக்கு ஒட்டுப்போடும் 'பேட்ச்'. முதல் எழுத்து மட்டும் சாம்பல், மற்ற நான்கும் பச்சை. இன்னும் நான்கு வரி இருக்கிறதே என்று மேட்ச், கேட்ச், லேட்ச், ஹேட்ச் என வரிசையாகப் போட்டேன். தோற்றேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அது துரதிர்ஷ்டம் இல்லை, கணக்குப் பிழை.

அந்த நேரத்தில் பொருந்தக்கூடிய சொற்கள் ஆறு: மேட்ச், கேட்ச், லேட்ச், ஹேட்ச், வாட்ச், அப்புறம் டியூஷன் 'பேட்ச்'. கையில் இருந்தது நான்கு வரி. சொல் ஆறு, வரி நான்கு என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. மூன்றாம் வரியில் 'கிளைம்' போட்டிருக்க வேண்டும், மலை ஏறுவதைச் சொல்லும் கிளைம். அது விடையாக இருக்கவே முடியாது, ஆனால் அதற்குள் சி, எல், எம், கடைசியில் ஒலிக்காத பி என நமக்கு வேண்டிய நான்கு எழுத்தும் இருக்கின்றன. எல் மஞ்சளானால் லேட்ச். எம் என்றால் மேட்ச். பி என்றால் டியூஷன் பேட்ச். சி எப்படியும் நான்காம் இடத்தில் உண்டு, அதனால் மஞ்சளாகத்தான் வரும். முதல் இடத்தில் பச்சையானால் மட்டும் கேட்ச். எதுவும் இல்லையென்றால் ஹேட்ச் அல்லது வாட்ச். ஐந்தாம் வரிக்குள் முடிந்திருக்கும்.

"ஒரு வரி வீணாகுதே மாமா" என்றாள். வீண் இல்லை. அந்த ஒரு வரி நான்கு வரியின் வேலையைச் செய்கிறது.

ஹார்டு மோடில் ஆடுகிறவர்களுக்கு இந்த வழி கிடையாது. தெரிந்த எழுத்துகளை அடுத்த வரியிலும் வைத்தே ஆக வேண்டும். அவர்கள் இரண்டாம் வரியிலேயே உஷாராக இருக்க வேண்டும். லைட், மைட், நைட், ரைட், ஃபைட், சைட், டைட், எய்ட் என்று ஒரே வாலோடு எட்டுச் சொற்கள் இருக்கின்றன. சவுண்ட், ரவுண்ட், பவுண்ட் குடும்பமும் அப்படித்தான். அந்தக் குடும்பங்களுக்குள் சீக்கிரம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சாம்பலைத் தவறாகப் படிப்பது

'ஸ்வீட்' போடுகிறீர்கள். இரண்டு 'இ'யில் ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். விடையில் 'இ' ஒன்றுதான் என்று பொருள். சாம்பலைப் பார்த்துவிட்டு 'இ'யையே கைவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அகராதிக்குள் அலைவது

ஜோஷ் வார்டில் இந்த ஆட்டத்தைத் தன் துணைவி பாலக் ஷாவுக்காக உருவாக்கினார். ஆங்கிலத்தில் சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் உண்டு. அதில் தனக்குத் தெரிந்தவை, தெரியாதவை என்று உட்கார்ந்து பிரித்து, சுமார் 2,500 ஆகக் குறைத்தவர் பாலக் ஷாதான். விடைப் பட்டியல் பிறந்தது அப்படி. ஆகவே முதலில் கேள்விப்பட்ட சொல்லைத் தேடுங்கள்.

யூ சேர்த்து எழுதுவது

நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். அதில் 'ஹியூமர்' ஆறெழுத்து. வேர்டில் அமெரிக்க முறையில், ஓ-வுக்குப் பின் யூ இல்லாமல், அதையே 2022 பிப்ரவரியில் விடையாக வைத்தது. பிரிட்டனில் பலர் கோபப்பட்டார்கள். கலர், ஃபேவர் எல்லாமே அமெரிக்க முறையில் ஐந்தெழுத்துதான்.

எஸ் சேர்த்த பன்மை

தொடக்க விடைப் பட்டியலில் கிடையாது. சோதிக்க மட்டும் போடுங்கள்.