பிரீம் மீனுக்குப் புட்டு மாவு: அயர்லாந்தின் ஆழமான ஏரியில் தூண்டில் போடுவது எப்படி

எங்கள் ஆபீஸிலிருந்து மூன்று பேரை டப்ளினுக்கு அனுப்புகிறார்கள். அதில் ஒருவன் நம்ம பெங்களூர் அல்சூர்ப் பையன், சின்ன வயதில் என்னோடு புண்ணாக்கு உருண்டை பிடித்துக் கெண்டைக்குத் தூண்டில் போட்டவன். "அண்ணா, அங்க ஞாயித்துக்கிழமை என்னண்ணா பண்றது?" என்றான். நான் அங்கே இரண்டு வருடம் இருந்தவன், அதிலும் முதல் கோடை முழுக்க வெறும் கையோடு பஸ் ஏறித் திரும்பியவன். அவனுக்குச் சொன்னதுதான் இது.

பிரீம், ரோச் இரண்டும் நம்ம கெண்டைக் குடும்பம்தான். பிரீம் தாம்பாளம் மாதிரி தட்டை, வெண்கல நிறம், கூட்டமாகத் தரையோடு மேயும். ரோச் சின்னது, வெள்ளி உடம்பு, சிவந்த கண். இரண்டும் கலந்த கலப்பு மீனும் அங்கே நிறைய. சந்தேகம் வந்தால் வாலுக்கு முன்னால் அடிப்பக்கத்துத் துடுப்பைப் பாருங்கள்: பிரீமுக்கு நீளமாக ஓடும், ரோச்சுக்குக் குட்டை, கலப்புக்கு நடுவாந்திரம்.

சட்டம் சுருக்கமாக: அயர்லாந்துக் குடியரசில் இந்த மீன்களுக்கு லைசென்ஸ் வேண்டாம், எல்லை தாண்டி வட அயர்லாந்து போனால் லைசென்ஸும் பெர்மிட்டும் வேண்டும். குடியரசில் ஒரு நாளைக்கு 4 மீனுக்கு மேல் கொல்லக்கூடாது, 25 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஒன்றைக்கூடக் கொல்லக்கூடாது. அதாவது குழம்புக்குத் தேறுகிற சைஸ் எல்லாம் தண்ணீருக்கே திரும்பிப் போகும். சரி, முள்ளு ஜாஸ்தி, பெரிய நஷ்டமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மோனகன் பக்கம் மக்னோ மாதிரி ஏரிகளில் நான் செய்த தப்பு, கை வலிக்க வலிக்கத் தூரமாக வீசியது. தூரம் முக்கியமில்லை, தரை எங்கே சரிந்து எங்கே சமமாகிறது என்பதுதான் முக்கியம். தூண்டில் முள் கட்டாமல் வெறும் ஈயக் குண்டை மட்டும் வீசுங்கள், தண்ணீரைத் தொட்டதும் எண்ண ஆரம்பியுங்கள், நரம்பு (தூண்டில் நூல்) தொய்ந்ததும் நிறுத்துங்கள், எண்ணிக்கை கூடினால் ஆழமும் கூடுகிறது. 20 மீட்டரில் நாலு எண்ணினீர்கள், 30-ல் எட்டு, 35-லும் அதே எட்டு என்றால் சரிவு 30-க்குள் முடிந்துவிட்டது, பிரீம் கூட்டம் அந்த அடிவாரத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் வரும். அங்கே விழும்படி நரம்பை ரீல் கிளிப்பில் மாட்டிவிடுங்கள், எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எத்தனை தடவை வீசினாலும் அதே இடம்தான்.

மீனைக் கூட்டுகிற இரைத்தூளுக்கு அங்கே பழுப்பு ரொட்டித்தூள் கிடைக்கும். தண்ணீரை மொத்தமாக ஊற்றாதீர்கள், தெளித்துத் தெளித்துப் பிசறுங்கள். பதம் நம்ம புட்டு மாவுதான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். உலர்ந்துபோனால் ஆழத்துக்குப் போகும் முன்பே பாதி வழியில் கரைந்து மீனை மேலே இழுத்துவிடும், குழைந்தால் ஃபீடரை (இரைத்தூள் அடைத்து நரம்பில் கட்டுகிற சின்னக் கூண்டு) விட்டு வெளியே வரவே வராது. ஊறியபின் ஒரு சல்லடையில் தேய்த்துவிட்டு நறுக்கிய மண்புழு, ஸ்வீட்கார்ன் சேருங்கள். முள் இல்லாமல் பத்து ஃபீடர் இரை இறக்கியபின்தான் முள் கட்ட வேண்டும். பிரீமுக்கு 12-ஆம் நம்பர் முள்ளில் ஒரு புழுவும் ஒரு கார்னும், ரோச்சுக்கு 16-இல் இரண்டு ஈப்புழு. முள் கட்டுகிற கிளை நரம்பு முக்கால் மீட்டர் போதும்.

ராடு முனை சட்டென்று வளைந்து உடனே நிமிர்ந்தால் இழுக்காதீர்கள், அகலமான பிரீம் நரம்பில் உரசிப் போகிறது, அவ்வளவுதான். மெதுவாக வளைந்து அப்படியே நின்றாலோ, திடீரென்று தளர்ந்து நேரானாலோ கடித்திருக்கிறது, நிதானமாகத் தூக்குங்கள். இடையில் பெர்ச் என்ற வேறு மீன் மாட்டினால் ஆழத்திலிருந்து அவசரமாக இழுக்க வேண்டாம், கெண்டை வகை தன் காற்றுப்பையிலிருந்து காற்றை வாய் வழியாக வெளியேற்றிவிடும், பெர்ச்சால் அது முடியாது.

ஜூனில் அங்கே பத்து மணிக்குத்தான் இருட்டும், நல்ல கடி கடைசி ஒரு மணி நேரத்தில்தான். கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஏரிக்குப் போவதற்கு முன் வலையைக் கழுவிக் காயவையுங்கள், வரிக்குதிரைச் சிப்பி அப்படித்தான் பரவுகிறது. பழைய துண்டு ஒன்று கட்டாயம். பிரீம் உடம்பெல்லாம் கெட்டிச் சளி, முதன்முதலாக ஒன்றைப் பிடித்த அன்று பேண்ட்டிலேயே கையைத் துடைத்துவிட்டேன், டப்ளின் வரைக்கும் என் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.