ஐரோப்பிய விவசாயிகள் கூட்டு சேரும்போது சறுக்கும் இடங்கள்

சங்கம் என்று ஒன்று இருந்தால் போதும், விலையை யாரோடு வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. பிரான்ஸில் ஆன்டீவ் என்ற கசப்புக் கீரை வளர்ப்பவர்களுக்கு இதுதான் நடந்தது. பல உற்பத்தியாளர் அமைப்புகளும் கூட்டமைப்புகளும் சேர்ந்து குறைந்தபட்ச விலை பேசி வைத்தன, 2012இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் (விற்பவர்கள் கூடி விலையைக் கட்டுப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பு) ஏறக்குறைய 40 லட்சம் யூரோ அபராதம் போட்டது, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அங்கீகாரம் பெற்ற ஒரே அமைப்புக்குள் அளவு, விலைக் கொள்கை பற்றிப் பேசலாம், தகவலும் பகிரலாம். ஆனால் உறுப்பினர் தானே தனியாக விற்கும் சரக்குக்கு அமைப்பு அடிமாட்டு விலை வராமல் இருக்கவென்றுகூட குறைந்தபட்ச விலை கட்ட முடியாது, ஓர் அமைப்பு இன்னோர் அமைப்போடு விலை பேசவும் கூடாது. சேர்ந்து பேசத்தான் வேண்டுமென்றால், சேர்ந்தே விற்க வேண்டும்.

அடுத்தது, மானியத்துக்காக மட்டும் அமைப்பு தொடங்குவது. காய்கறி, பழத் துறையில் அமைப்பு தன் திட்டங்களுக்காக வைக்கும் செயல்பாட்டு நிதியில் பொதுவாகப் பாதி வரை ஐரோப்பிய ஒன்றியம் தருகிறது. ஆனால் அந்த உதவிக்கு, அமைப்பு வழியாக விற்ற சரக்கின் மதிப்பில் 4.1 சதவீதம் என்பதுதான் அடிப்படை வரம்பு. உறுப்பினர்கள் முதல் தரத்தை வெளியே தள்ளிவிட்டு மிச்சத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால் உதவியும் சுருங்கும், சூப்பர்மார்க்கெட்டோடு பேரம் பேசும் பலமும் போகும்.

சரி, வாங்குபவர் ஏமாற்றினால்? நியாயமற்ற வணிக நடைமுறைகள் பற்றி 2019இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அப்படிப்பட்ட 16 நடைமுறைகளைக் குறிவைக்கிறது. அழுகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் வர வேண்டும், கடைசி நேரத்தில் ஆர்டரை ரத்து செய்யக் கூடாது. பேசிய நிபந்தனைகளை எழுத்தில் கேட்டால் மறுக்கவும் கூடாது. ஆனாலும் பலர் வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து எழுதி வாங்குங்கள். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயம் நியாயமானது, அதனால்தான் பெயரை வெளியிடாமல் வைக்கச் சொல்லிக் கேட்கலாம், உறுப்பினருக்காக அமைப்பே புகார் கொடுக்கவும் வழி உண்டு. அப்புறம், இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் இல்லை, இரு தரப்பின் ஆண்டு விற்றுமுதலையும் ஒப்பிட்டுத்தான் கிடைக்கும்.

நல்ல நோக்கம் இருந்தாலே சட்டம் விட்டுவிடும் என்று நம்புவதும் தவறு. நெதர்லாந்தில் கோழிகளை மேலான முறையில் வளர்க்க பண்ணையாளர்களும் சூப்பர்மார்க்கெட்டுகளும் ஓர் உடன்பாடு செய்தார்கள். கிலோவுக்குக் கூடும் செலவு 1.46 யூரோ, நுகர்வோர் அதற்குக் கொடுக்கத் தயாராக இருந்ததோ 0.82 யூரோ என்று கணக்குப் போட்டு 2015இல் போட்டி ஆணையம் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றிய விவசாயச் சட்டத்தில் வந்த 2021 சீர்திருத்தம் இப்படிப்பட்ட உடன்பாடுகளுக்குக் கதவைத் திறந்திருக்கிறது, ஆனால் விவசாயிகள் அதில் ஒரு தரப்பாக இருக்க வேண்டும், தரமும் சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியதைவிட உயர்ந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விவசாயிகள் ஐரோப்பிய ஆணையத்திடம் கருத்துக் கேட்கலாம், முழு விவரத்தோடு கேட்டால் 4 மாதத்தில் பதில் தர வேண்டும்.