முழுகாத நாளில் இருந்து எண்ணாதீர்கள்: கர்ப்பக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால் "முழுகாமல் இருக்கிறா" என்போம். மாதம் வந்து தலைமுழுக வேண்டிய நாள் தப்பிவிட்டது என்று அர்த்தம். ஆக, பேச்சிலேயே கணக்கு அந்தத் தப்பிய நாளில் இருந்து தொடங்கிவிடுகிறது. கிளினிக் கணக்கு அப்படியில்லை, அதற்கு முன்னால் வந்த மாதவிடாயின் முதல் நாளில் இருந்து ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 4 கிழமை (வாரம்). வீடுகளில் நடக்கும் குழப்பத்தில் பாதிக்கு மேல் இந்த 4 கிழமைக்குள்தான் கிடக்கிறது.

என் தங்கச்சி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவள் புருஷன் கட்டாரில் வேலை, லீவில் ஜூன் 20ஆம் தேதி வந்து இறங்கினார். ஆகஸ்ட் 5ஆம் தேதி கிளினிக்குக்குப் போனபோது மிட்வைப் மிஸ் கிளினிக் காட்டில், அதாவது கர்ப்பப் பதிவு அட்டையில், 8 கிழமை என்று எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிப் பார்த்த மாமி விரல் மடித்து எண்ணத் தொடங்கிவிட்டா. மகன் வந்து 7 கிழமைகூட ஆகவில்லையே, இதென்ன 8? வாய் திறந்து கேட்கவில்லை, முகம் மட்டும் மாறிப்போனது. கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம்.

பதில் இதுதான். தங்கச்சிக்குக் கடைசியாக மாதவிடாய் வந்தது ஜூன் 10. 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவளுக்கு முட்டை வெளியாவது சுமார் 14 நாள் கழித்து, அதாவது ஜூன் 24 அளவில். கரு உண்டானது அப்போதுதான், அவர் வந்து நாலு நாளைக்குப் பிறகு. ஆனால் முட்டை வெளியான நாளை யாரும் கண்ணால் காண்பதில்லை, மாதவிடாய் வந்த நாள் மட்டும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும், அதனால் உலகம் முழுக்க டொக்டர்மார் அந்த நாளையே தொடக்கமாக வைத்து 280 நாள், அதாவது 40 கிழமை என்று எண்ணுகிறார்கள். முதல் 2 கிழமையில் வயிற்றில் எதுவுமே இல்லை. காட்டில் 8 என்றால் கருவுக்கு வயது 6 கிழமை. காட்டில் இருக்கும் எண்ணைக் கலியாண நாளோடும் விமான டிக்கெட்டோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நான் கண்டதில் மிகக் கெட்ட தவறு. கலியாணம் முடிந்து 3 கிழமை, கிளினிக்கில் 5 கிழமை என்கிறார்கள் என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்தது, "கடைசியாக எப்ப வந்தது?" என்று மிஸ் கேட்டால் பலர் குளித்த நாளைச் சொல்லிவிடுகிறார்கள். இரத்தம் பட ஆரம்பித்த முதல் நாளைத்தான் கேட்கிறார்கள். அங்கேயே 5 நாள் பிசகிவிடும். தேதி ஞாபகம் இல்லையென்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள், ஊர் நடப்பை வைத்து யோசியுங்கள். கண்ணகி அம்மன் சடங்குக்குப் போனீர்களா, வீட்டில் இருந்தீர்களா? மாமாங்கத் தீர்த்தத்துக்கு முந்தியா, பிந்தியா? வேளாண்மை வெட்டுக்கு ஆள் வந்த கிழமையா? நோன்பு பிடிக்கிறவர்களுக்கு இன்னும் லேசு, விடுபட்ட நோன்புகளை எப்படியும் எண்ணித்தானே வைத்திருப்பார்கள். தங்கச்சியே சடங்குக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்ததை வைத்துத்தான் ஜூன் 10 என்று சொன்னாள்.

இன்னொன்று, வழமையைவிடக் கொஞ்சமாக, ஒன்றிரண்டு நாள் பட்டு நின்ற இரத்தத்தை மாதவிடாய் என்று எடுத்துவிடுவது. கரு பதிகிற நாட்களிலும் சிலருக்கு அப்படிப் படும். அதையே தொடக்கமாக வைத்தால் ஒரு மாதம் காணாமல் போய்விடும். அப்புறம், குடும்பக்கட்டுப்பாட்டு ஊசியை விட்டபின் மாதவிடாய் ஒழுங்குக்கு வரமுன்னரே கரு தங்கியவர்களும், பால் கொடுக்கும் காலத்தில் மாதவிடாயே வராமல் தங்கியவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் தேதியைத் தோண்டிக்கொண்டு இருக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, சீக்கிரம் ஸ்கேன் எடுப்பதுதான் வழி.

பிள்ளை கிடைக்கும் தேதிக்கு ஒரு சின்ன வாய்ப்பாடு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நேகலே என்ற ஜெர்மன் மகப்பேற்று மருத்துவரின் பெயரில் வழங்குவது. முதல் நாளோடு 7ஐக் கூட்டு, 3 மாதம் பின்னால் போ. ஜூன் 10 என்றால் 17, பின்னால் 3 மாதம், மார்ச் 17. இதில் ஒளிந்திருக்கிற விஷயம், எல்லாருக்கும் 28 நாள் சுற்று என்று எடுத்துக்கொள்வது. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவள் இன்னொரு 7 நாளைக் கூட்ட வேண்டும், அவளுக்கு மார்ச் 24. உங்கள் சுற்று நீளமென்றால் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள். ஃபோன் ஆப்பிலும் அந்த எண்ணை மாற்றாவிட்டால் அது தன்பாட்டுக்கு 28 என்று வைத்துக்கொண்டு எண்ணும்.

கிழமையை நாலால் வகுத்து மாதம் ஆக்காதீர்கள். பெப்ரவரியைத் தவிர எந்த மாதமும் 28 நாளில் முடிவதில்லை. 36 கிழமை என்பது 252 நாள், அதாவது 8 மாதமும் ஒரு கிழமையும். நாலால் வகுத்தால் 9 மாதம் முடிந்துவிட்டதாகக் காட்டும், வீட்டில் எல்லாரும் பையை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சரி, "பத்து மாதம் சுமந்தவள்" என்பது பொய்யா? பொய்யில்லை, அது வேறு எண்ணிக்கை. எங்கள் பெத்தா, அதாவது பாட்டி, தங்கச்சி முழுகாத மாதமான ஆனியில் தொடங்கி, பிறக்கிற மாதமான பங்குனியையும் சேர்த்து எண்ணுகிறா: ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி. பத்து! கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பிறை பார்த்து எண்ணுகிற முஸ்லிம் வீட்டு மூத்தம்மாவுக்கு (பாட்டிக்கு) மாதம் 29 அல்லது 30 நாள், கிளினிக் கணக்கின் 280 நாள் அவவுக்கு ஒன்பதரை மாதம். எல்லாம் சரிதான், ஒன்றை இன்னொன்றோடு கலந்தால்தான் வம்பு. ஆஸ்பத்திரியில் மாதம் பேசாதீர்கள், கிழமை பேசுங்கள். 20+3 என்று எழுதியிருந்தால் 20 கிழமையும் 3 நாளும் முடிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்கேன் விஷயத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். முதல் 3 மாதத்துக்குள் எடுக்கிற ஸ்கேனில் பிள்ளையின் உச்சியில் இருந்து பிட்டம் வரை அளக்கிறார்கள், அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்வதால் தேதி ஒரு கிழமைக்கு மேல் பிசகாது. போகப்போக ஒவ்வொரு பிள்ளையும் தன் வாக்கில் வளரும், கடைசி 3 மாதத்தில் 3 கிழமை வரைகூட மாறிக் காட்டும். அதனால் ஏழாம் மாத ஸ்கேனில் வேறு தேதி வந்தால் "டேட் மாறிட்டு" என்று பழையதை விட்டுவிடாதீர்கள். தொடக்கத்து ஸ்கேனைப் பார்த்து டொக்டர் ஒருமுறை உறுதிசெய்த தேதிதான் கடைசிவரை. பிந்திய ஸ்கேனில் பிள்ளை 2 கிழமை பின்தங்கியிருந்தால் அது வளர்ச்சி குறைந்த பிள்ளையாக இருக்கலாம், தேதியைத் தள்ளிவைத்தால் அந்தக் குறை அப்படியே மறைந்துவிடும். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

அந்தத் தேதியையும் பஸ் நேரம் மாதிரி நம்ப வேண்டாம். சரியாக அன்றைக்கே பிறப்பது 20இல் ஒன்று அளவில்தான். 37 கிழமைக்கு முன் வந்தால் குறைமாதம். 41 தாண்டுகிறதென்றால் "இன்னும் நோகவில்லையே" என்று வீட்டில் இருக்காமல், வரச்சொன்ன நாளில் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய்விட வேண்டும். சிசேரியனுக்கு நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று: மருத்துவக் காரணம் இல்லாமல் 39 கிழமைக்கு முன்னால் எடுத்தால் பிள்ளை மூச்சுக்குத் திணறும் வாய்ப்பு கூடுகிறது. நல்ல நாளை அதற்குப் பிறகு தேடுங்கள்.

தங்கச்சிக்கு மார்ச் 12ஆம் தேதி மகள் பிறந்தாள், 39 கிழமையும் 2 நாளும், 3.1 கிலோ. மாமிக்கு நான் முன்னமே கலண்டரை விரித்துக் கணக்குக் காட்டியிருந்தபடியால் அவ பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இருந்தா. பெத்தாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. பங்குனி பிறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது, அவவின் விரல் மாசியில், ஒன்பதில் நின்றது. "குறைமாசப் பிள்ளை, பக்குவமாப் பாருங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தா.