பழைய கேம்பர் வேனுக்குப் புது டயர்: முதலில் எடை, பிராண்டு பிறகு

என் கேம்பர் வேனை (படுக்கை, அடுப்போடு வீடு போல அமைத்த வண்டி) 2023இல் வாங்கியபோது டயர்களைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். பள்ளங்கள் எல்லாம் புதுசு போல ஆழமாக இருந்தன. ஒரு மாதம் கழித்து ஏதோ வேலையாக வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது டயரின் உட்பக்கம் ஒரு எண் கண்ணில் பட்டது: 2311. அதாவது 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பன்னிரண்டு வயது டயரில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன்!

கேம்பர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகிறது. வெயிலும் ஓசோனும் ரப்பரைக் காயவைக்கும். டயரின் பக்கவாட்டை விரலால் அழுத்தி, ரிம்முக்கு அருகே டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுக்கொரு முறை சோதனை, பத்து வயதானால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது என்பது என் கணக்கு. தேதி எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லையென்றால் என்னைப் போலப் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, புதுசு வாங்கும் முன் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். வெறும் வண்டியாக வேண்டாம். தண்ணீர்த் தொட்டி நிரம்பி, கேஸ், துணிமணி, பாத்திரம், ஆட்கள் எல்லாம் ஏறியிருக்கட்டும். நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ. என் வண்டியின் பின் அச்சு மட்டும் 1,560 கிலோ காட்டியது; வண்டியில் கம்பெனி பொருத்திய எடைத் தகட்டில் அதற்கு அனுமதி 1,600. தகட்டில் உள்ள எண்ணை வைத்தே டயர் தேடுங்கள், ஒரு டயருக்கு 800 கிலோ. அடுப்பும் தொட்டியும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்க டயர் பாதிக்கு மேல் சுமக்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

என் அளவு 185 ஆர்14 சி. கடைக்காரர் 185/65 ஆர்14 எடுத்து வந்து, "ரிம்முக்குச் சரியாக உட்காரும் சார்" என்றார். உட்காரும்தான். ஆனால் அது கார் டயர், அதன் எடைக் குறியீடு 86, தாங்குவது 530 கிலோ. இரண்டு சேர்த்தாலும் 1,060. என் டயரில் 102/100 என்றிருக்கும்: ஒற்றைச் சக்கரத்துக்கு 850 கிலோ, அச்சின் ஒரே பக்கத்தில் இரண்டு சக்கரம் சேர்ந்திருக்கும் வண்டியானால் ஒவ்வொன்றுக்கும் 800. கடைசியில் நிற்கும் 'சி' என்ற எழுத்து சரக்கு வண்டி டயர் என்பதற்கான அடையாளம். அது இல்லாத டயரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

'சிபி' என்று எழுதியவை கேம்பருக்கென்றே செய்தவை. முழு எடையோடு மாதக்கணக்கில் நிற்பதற்காகப் பக்கவாட்டை உறுதியாக்கியிருப்பார்கள். பின் சக்கரத்தில் 80 பவுண்டு வரை காற்று தாங்கும். வண்டி கனமானது, வருடத்தில் பாதி நாள் நிற்கிறது என்றால் அதையே வாங்கலாம். லேசான வண்டிக்கு 80 அடித்தால் உள்ளே தட்டு, டம்ளர் எல்லாம் தாளம் போடும். டயர் கம்பெனியின் அட்டவணையில் உங்கள் அச்சு எடைக்கு என்ன காற்று என்று பார்த்து அடியுங்கள்.

எல்லோரும் மறப்பது வால்வை. சாதாரண ரப்பர் வால்வு சுமார் 65 பவுண்டு வரைதான் தாங்கும். அதற்கு மேல் அடிப்பதாக இருந்தால் உலோக வால்வு கேளுங்கள். பிராண்டு, பள்ளத்தின் டிசைன் எல்லாம் இதற்கப்புறம். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால் போகட்டும். மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

அப்புறம் ஸ்டெப்னி. நான்கையும் மாற்றிய பெருமையில் என்னுடையதை இறக்கி எண்ணைத் தேடினேன். மூன்றே இலக்கம். 2000க்கு முன்பு செய்தவற்றில்தான் அப்படி இருக்கும்.